தொண்டையில் சின்னக் கட்டியா? முதலில் விரலை எடுங்கள்

சளி பிடித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். முகம் கழுவும்போது தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்படும். அவ்வளவுதான், புற்றுநோயோ என்ற பயத்தில் அன்றைய தூக்கம் போச்சு.

பெரும்பாலும் அது நெறிகட்டுதான். தொண்டையிலோ பல்லிலோ கிருமி புகுந்தால் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சு வீங்கும். தொட்டால் நழுவும், கொஞ்சம் வலிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். சிலருக்கு வற்றிய பிறகும் சின்னதாக ஒன்று வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். வளராதவரை அதனால் தொல்லை இல்லை.

தொல்லை தருவது நம் விரல்தான். எல்.ஆர்.டி. ரயிலில் நிற்கும்போது ஒரு தடவை, ஆபீஸில் ஒரு தடவை, படுக்கையில் பத்துத் தடவை என்று அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். உடனே “நேற்று வலிக்கவில்லையே” என்று பயம் கூடும், பயம் கூடினால் மறுபடியும் அமுக்குவோம். தேடுகிற விரலுக்குக் கழுத்தில் கிடைக்காத கட்டியே இல்லை: தாடைக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பி, நாக்குக்குக் கீழே நாவடி எலும்பின் முனை, பக்கவாட்டில் துடிக்கும் ரத்தக்குழாய். எல்லாம் பிறந்ததிலிருந்து இருப்பவை.

அடுத்தது கைப்பேசி விளக்கும் கண்ணாடியும். வாயை அகலத் திறந்து நாக்கின் அடிவேரைப் பார்த்தால் வரிசையாக எட்டுப் பத்து பெரிய மொட்டுகள் தெரியும். அவை சுவை மொட்டுகள் இருக்கும் புடைப்புகள், எல்லோருக்கும் உண்டு. தொண்டைச் சுவரில் தெரியும் சின்னச் சின்ன மேடுகளும் அநேகமாகச் சளியாலோ எரிச்சலாலோ வீங்கியவைதான். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் அத்தை ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார், மொட்டு என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

கட்டியே இல்லாமல் தொண்டையில் உருண்டை அடைத்த மாதிரி இருப்பது இன்னொரு வகை. எச்சில் விழுங்கினால் தட்டும். ரொட்டி சானாய் சாப்பிட்டால் தடையில்லாமல் இறங்கும். பதற்றத்தில் தொண்டைத் தசை இறுகுவதும், வயிற்று அமிலம் மேலே ஏறுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். நள்ளிரவில் மாமாக் உணவுக்கடையில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்), தே தாரேக் (பால் தேநீர்) முடித்து நேராகப் படுக்கைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இங்கே நடக்கும் தவறு, செருமிக்கொண்டே இருப்பதும் சும்மா சும்மா விழுங்கிப் பார்ப்பதும். தண்ணீர் இல்லாமல் தொடர்ந்து நான்கு முறை விழுங்கிப் பாருங்கள், யாருக்கும் நான்காவது சிரமம்தான். அது நோயல்ல, வாயில் எச்சில் தீர்ந்துவிட்டது.

போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைப் போடுவது வேண்டாம். வைரஸ் சளிக்கு அது உதவாது.

அப்போ டாக்டரிடம் எப்போது போவது? மூன்று வாரம் தாண்டியும் கட்டி குறையவில்லை, வளர்கிறது, கல் மாதிரி கெட்டியாக நகராமல் இருக்கிறது, குரல் கம்மியே கிடக்கிறது, சோறு இறங்கச் சிரமம், எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைகிறது, ஒரு பக்கக் காது மட்டும் அடைக்கிறது அல்லது வலிக்கிறது: இதில் எது இருந்தாலும் கூகுளை மூடிவிட்டுக் கிளம்புங்கள். மூச்சுவிடவே சிரமமென்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. மற்றபடி மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). தேவைப்பட்டால் அவர்களே காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத பேரன் இரவெல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பான். அதே வீட்டில் வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியின் கன்னத்து உட்புறத்தில் ஆறாத புண் இருக்கும், யாரும் விளக்கடித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். வாய்ப்புற்றுக்கு அந்தப் பழக்கம் பெரிய காரணம். கிளினிக்குக்கு முதலில் போகவேண்டியவர் பாட்டி.

டாக்டர் பார்த்து “ஒன்றுமில்லை” என்றபிறகு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவர், செந்தூலில் ஒருவர் என்று கிளினிக் கிளினிக்காக ஏறி ஸ்கேன் கேட்பதும் உண்டு. நிம்மதி இரண்டு நாள் நிற்கும், பிறகு விரல் பழையபடி கழுத்துக்குப் போகும். அதற்குப் பதில் முதல் டாக்டரிடமே, “எப்படி மாறினால் நான் திரும்ப வரணும், எத்தனை வாரம் பொறுக்கலாம்?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வரை வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் தாராளம். அதுவும் முடியாமல் வேலையும் தூக்கமும் கெடுகிறதென்றால், அந்தப் பயத்தையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.