நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்: கோழியின் இனம் கண்டுபிடிப்பது எப்படி?

கருப்புக் கோழி ஒன்றின் படத்தை அனுப்பி "இது என்ன இனம்?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆஸ்ட்ரலார்ப் கருப்பு, ஜெர்சி ஜெயன்ட் கருப்பு, மினோர்கா கருப்பு, லெகார்னில்கூடக் கருப்பு உண்டு. அதனால் நிறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காலிலிருந்து மேலே போவோம்.

கோழி கைக்கு வந்தாக வேண்டும். பகலில் துரத்தாதீர்கள். இருட்டி அடைந்த பிறகு மெதுவாகத் தூக்கினால் பேசாமல் வரும். குஞ்சுகளிடம் இதை முயல வேண்டாம், இறகு பலமுறை மாறும். ஐந்தாறு மாத விடைக்கோழி என்றால் சரி.

படி 1: கால்

முதலில் விரல்களை எண்ணுங்கள். பெரும்பாலும் நான்குதான் இருக்கும். ஐந்து இருந்தால் பாதி வேலை முடிந்தது: சில்கி, டார்க்கிங், ஃபாவரோல், ஹூடான், சுல்தான் என்று பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். காலில் இறகு இருந்தால் பிரம்மா, கொச்சின், சில்கி போன்றவற்றை நினைக்கலாம்.

அடுத்தது காலின் நிறம். ரோட் ஐலண்ட் ரெட், பிளைமவுத் ராக், லெகார்ன் ஆகியவற்றுக்கு மஞ்சள் கால். சசெக்ஸுக்கு வெள்ளை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிறைய முட்டையிடும் கோழியின் மஞ்சள் சாயம் மஞ்சள் கருவுக்குப் போய்விடும். கால் வெளுத்துக்கொண்டே வரும். மாதக்கணக்கில் முட்டையிட்ட லெகார்னின் காலைப் பார்த்து "வெள்ளைக் கால்" என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

பாதத்தைத் திருப்பி அடியையும் பாருங்கள். ஆஸ்ட்ரலார்ப்புக்கு உள்ளங்கால் வெளுப்பு, ஜெர்சி ஜெயன்ட்டுக்கு மஞ்சள். மேலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

படி 2: கொண்டை

ரம்பப் பல் போல நிமிர்ந்த ஒற்றைக் கொண்டைதான் அதிகம். லெகார்ன் பெட்டைக்கு அது பெரிதாக வளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து விழும். தட்டையாக, முடிச்சு முடிச்சாக இருந்தால் ரோஜாக் கொண்டை, வயான்டாட்டில் பார்க்கலாம். மூன்று சிறு வரிசையாகத் தாழ்ந்திருந்தால் பட்டாணிக் கொண்டை. பிரம்மாவுக்கும் அசீலுக்கும் அதுதான்.

கொண்டை எவ்வளவு உதவும் என்பதற்குக் கருப்பு வெள்ளை வரிக் கோழிகளே சாட்சி. வரி இருந்தாலே பிளைமவுத் ராக் என்று சொல்லிவிடுகிறார்கள். ரோஜாக் கொண்டையாக இருந்தால் அது டொமினிக் ஆக இருக்கலாம். ஒற்றைக் கொண்டையும் வெளுத்த காலும் சேர்ந்திருந்தால் குக்கூ மாரன்ஸ் பக்கம் யோசியுங்கள்.

படி 3: காது மடல்

வெள்ளை மடல் என்றால் பெரும்பாலும் வெள்ளை முட்டை, சிவப்பு என்றால் பழுப்பு. விதி இல்லை, வழக்கம்தான்: டார்க்கிங் சிவப்பு மடலோடு வெள்ளை முட்டை இடும்.

படி 4: இப்போது இறகு

செம்பழுப்புக் கோழியை எல்லோரும் ரோட் ஐலண்ட் ரெட் என்கிறார்கள். முதுகு இறகை விரலால் எதிர்ப்பக்கம் ஒதுக்கி, தோலோடு ஒட்டிய அடிப்பஞ்சைப் பாருங்கள். அசல் இனத்தில் அங்கேயும் சிவப்பு இருக்கும். மேல் நிறம் ஆழ்ந்த செம்மை, வால் கருப்பு. அடி வெள்ளையாக, மேலே வெளிர் செம்பழுப்பாக, வாலில் வெள்ளை எட்டிப் பார்த்தால் அது அநேகமாக முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினம். வீட்டில் வளரும் "சிவப்புக் கோழி"களில் இந்த ரகம் நிறைய.

சில்கிக்கு இந்தச் சிரமமே இல்லை. இறகிழைகளைக் கோக்கும் கொக்கிகள் இல்லாததால் முடி மாதிரி பறக்கும். இறகை விலக்கினால் தோலும் கருப்பு.

படி 5: முட்டை

சாக்லேட் போன்ற கரும்பழுப்பு என்றால் மாரன்ஸ் ஞாபகம் வர வேண்டும். நீலம் என்றால் முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், அங்கேயும் நீலம் தெரியும். பழுப்பு நிறம் மேல் பூச்சுதான், உட்புறம் வெளுத்திருக்கும். நீல முட்டைக்காரி வாலோடும் தாடியோடும் இருந்தால் அமெரிக்கானாவாக இருக்கலாம். வாலே இல்லாவிட்டால் அரௌகானா.

ஐந்து படியும் ஏறிய பிறகு கால் ஓர் இனத்தையும் கொண்டை இன்னோர் இனத்தையும் காட்டினால் குழம்ப வேண்டாம். குறிப்பேட்டில் "கலப்பு" என்று எழுதிவிட்டு, கோழியை அது அடைந்திருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.