பட்டிருப்புத் தொகுதிர எலக்சன் வரலாற நீங்களே தேடி எழுதுற எப்பிடி

தேத்தண்ணிக் கடையில எலக்சன் கதை வந்தா ஒராள் கட்டாயம் சொல்லுவார், மட்டக்களப்பு மாவட்டத்துப் பட்டிருப்பு எண்டா வீட்டுக் கோட்டை, அந்தக் காலத்துல இருந்து வீடுதான் எண்டு. வீடு எண்டா தமிழரசுக் கட்சிர சின்னம். சரியா பிழையா எண்டு பாக்க ஒரு கொப்பித்தாளும் பேனையும் போதும். 1947ல இருந்து 1977 வரைக்கும் நடந்த எட்டு பொதுத் தேர்தலையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதுங்க: 1947, 1952, 1956, 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977. பக்கத்துல வெண்ட ஆள், கட்சி, சின்னம். எழுதி முடிய எண்ணிப் பாத்தா அந்த எட்டுல வீடு வெண்டது மூண்டே மூண்டு தரம். இத நான் சொல்லி நம்ப வேணாம், நீங்களே எப்பிடித் தேடுற எண்டுதான் இதுல சொல்லப் போறன். வாகரை, சம்மாந்துறை, பொத்துவில் பக்கத்து ஆக்களும் தங்கட தொகுதிக்கு இப்பிடியே செய்யலாம்.

முதல்ல தொகுதி எண்டா என்ன எண்டு தெளிவா வெச்சுக்கங்க, முக்காவாசிப் பேர் குழம்புறது இதுலதான். 1977 தேர்தல் வரைக்கும் பட்டிருப்புக்கு எண்டு தனியா ஒரு எம்.பி.யத் தெரிவு செய்தாங்க. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையக் கொண்டு வந்துட்டு, அந்த முறையில முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது 1989 பெப்ரவரி 15. அதுக்கு மறுகா பட்டிருப்பு எம்.பி. எண்டு ஒராள் சட்டப்படி இல்லவே இல்ல, மட்டக்களப்பு மாவட்ட எம்.பி.தான். பட்டிருப்பு, கல்குடா, மட்டக்களப்பு எண்ட மூண்டும் இப்ப வாக்கு எண்ணிக் காட்டுற பிரிவு மட்டும்தான், எல்லை 1976ல போட்டது. களுவாஞ்சிகுடி, வெல்லாவெளி, பட்டிப்பளை டி.எஸ். (பிரதேச செயலாளர்) பிரிவுகள்தான் பட்டிருப்பு, அதாவது வாவிக்குக் கிழக்கால எழுவான்கரையில ஒரு துண்டும் மேற்கால படுவான்கரையில பெரிய துண்டும். வவுணதீவு ஆக்கள் படுவான்கரைதானே எண்டு இதுக்குள்ள சேத்துப் போடாதீங்க, அது மட்டக்களப்புத் தொகுதி.

இன்னொண்டு, 1961 வரைக்கும் அம்பாறை தனி மாவட்டம் இல்ல. பழைய பேப்பர்ல "மட்டக்களப்பு மாவட்டம்" எண்டு கண்டா கல்முனையும் பொத்துவிலும் அதுக்குள்ளதான். 1956ல தமிழரசுக் கட்சி மட்டக்களப்பு மாவட்டத்துல மூண்டு சீட்டு வெண்டது எண்டு வாசிச்சா உடனே பட்டிருப்பையும் அதுல சேத்துப் போடுவாங்க. அந்த மூண்டும் மட்டக்களப்பு (இராசதுரை), கல்முனை (காரியப்பர்), பொத்துவில் (முஸ்தபா). பட்டிருப்பு அதுல இல்ல, அந்த வருசம் அங்க வெண்டது எதிர்மன்னசிங்கம்.

இப்ப பட்டியலுக்கு வருவம். 1947ல எதிர்மன்னசிங்கம், அப்ப தமிழரசுக் கட்சியே பிறக்கல்ல. 1952ல சி.மூ. இராசமாணிக்கம் அவர வெண்டார், ஆனா சுயேச்சையா. இந்த இடத்துல நம்பாத ஆக்களுக்கு ஒரு சோதனை இருக்கு: 1952ல தமிழரசுக்கு நாடு முழுக்கக் கிடைச்சது ரெண்டே சீட்டு, கோப்பாயும் திருகோணமலையும், அப்ப பட்டிருப்பு எப்பிடி வரும்? 1956ல கிறுகி எதிர்மன்னசிங்கம். ஆக முதல் மூண்டு தேர்தலும் ரெண்டு ஆளுக்கு நடுவுல நடந்த இழுபறி, கட்சி பெரிசாத் தெரியல்ல. 1960 மார்ச்சுல இராசமாணிக்கம் தமிழரசுல கேட்டு வெண்டார், ஜூலையிலயும் வெண்டார், 1965லயும் வெண்டார். வீட்டுக் கோட்டை எண்டு சொல்றது இந்தப் பத்து வருசத்தத்தான். 1970ல யூ.என்.பி. (ஐக்கிய தேசியக் கட்சி) தம்பிராசா அவரத் தோக்கடிச்சுப் போட்டார். அந்த வருசம் வட்டுக்கோட்டையில அமிர்தலிங்கம், நல்லூர்ல நாகநாதன் எண்டு தமிழரசுர பெரிய தலைகளே விழுந்தது, அந்த வரிசையில பட்டிருப்பும் ஒண்டு. 1977ல கணேசலிங்கம், ஆனா அது தமிழரசும் சேந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி, உதயசூரியன் சின்னம். வீட்டுக்கும் சூரியனுக்கும் என்ன வித்தியாசம், ஒரே ஆக்கள்தானே எண்டு கேப்பீங்க. 1977ல மட்டக்களப்புத் தொகுதியில சூரியன்ல இராசதுரையும் வீட்டுல காசி ஆனந்தனும் ஒரே நேரம் நிண்டாங்க, அத மனசுல வெச்சுக்கொண்டு சின்னத்தத் தனிக் கட்டமாப் போடுங்க.

பக்கத்துத் தொகுதிய ஒருக்கா ஒப்பிட்டுப் பாருங்க, கல்குடாவுல 1965, 1970, 1977 மூண்டு தரமும் யூ.என்.பி. தேவநாயகம். 1977ல வடக்குக் கிழக்கு முழுக்கக் கூட்டணி அலை எண்டு எழுதுறவங்க கல்குடாவ மறந்துட்டுத்தான் எழுதுறாங்க.

தேடுற இடம். தேர்தல் ஆணைக்குழுர இணையத்தளத்துல கிட்டடி முடிவெல்லாம் தொகுதி வாரியா இருக்கு. பழசுக்கு கொழும்பு 7ல தேசிய சுவடிக்கூடம், இல்லாட்டி நூலகம் தளத்துல ஏத்தி வெச்சிருக்கிற வீரகேசரி, தினகரன், சுதந்திரன் மாதிரிப் பேப்பர். சுதந்திரன் தமிழரசுப் பக்கம் சாஞ்ச பேப்பர், அதால அவங்கட கூட்டத்துக்கு வந்த சனத்தொகைய அப்பிடியே நம்ப வேணாம், முடிவு எண்ணிக்கைக்கு மட்டும் எடுங்க. பேப்பர்ல தேதி தேடக்குள்ள ஒரு விசயம்: 1956 வரைக்கும் நாடு முழுக்க ஒரே நாள்ல வாக்குப் போடல்ல, 1947ல ஆகஸ்ட் 23ல தொடங்கி செப்டெம்பர் 20 வரைக்கும் இழுத்தது, அதால ஒரு நாள் பேப்பரப் பாத்துட்டு முடிவு இல்ல எண்டு விடாதீங்க. ஒரே நாள்ல நடந்த முதல் பொதுத் தேர்தல் 1960 மார்ச் 19. பேரும் ராசமாணிக்கம், இராசமாணிக்கம், இராஜமாணிக்கம் எண்டு எல்லா மாதிரியும் கிடக்கும், எல்லாத்தையும் போட்டுத் தேடுங்க.

மட்டக்களப்பு, பொத்துவில் தொகுதி ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை. மட்டக்களப்பு 1960ல இருந்தும் பொத்துவில் 1977லயும் ரெட்டை அங்கத்தவர் தொகுதி, ஒரு ஆளுக்கு ரெண்டு வாக்கு. வேட்பாளர்ர வாக்கெல்லாத்தையும் கூட்டி வாக்காளர் தொகையால பிரிச்சா நூறு வீதத்தத் தாண்டும், பிறகு கள்ள வாக்கு எண்டு கதை கட்டுவீங்க. பொத்துவில் எழுதுறவங்க எம்.பி. மாறினதையும் போடணும்: 1977ல கூட்டணியில வெண்ட கனகரத்தினம் அந்த வருசக் கடைசியிலயே யூ.என்.பி.க்குத் தாவினவர், 1978 ஜனவரியில சுடுபட்டு 1980ல செத்துப்போக அவர்ர சகோதரி இரங்கநாயகி பத்மநாதன் அந்த இடத்துக்கு வந்தா.

1989க்குப் பொறகு எழுதுறது வேற வேலை. பட்டிருப்புல எந்தக் கட்சிக்கு எத்தின வாக்கு எண்டு வரும், ஆனா விருப்பு வாக்கு (கட்சிக்குள்ள ஆளுக்குப் போடுற வாக்கு) மாவட்டக் கணக்காத்தான் வெளியிடுவாங்க, அதால "எங்கட ஊர்ப் பொடியனுக்கு பட்டிருப்புல இத்தின ஆயிரம்" எண்டு ஆராவது சொன்னா அது ஊகம். தபால் வாக்கும் தனியா எண்ணுறது, மூண்டு தொகுதியையும் கூட்டினா மாவட்டத் தொகை வராது, பயப்பட வேணாம்.

வாக்களிப்பு வீதத்த எழுதக்குள்ள பக்கத்துல காரணமும் எழுதுங்க, எங்கட மாவட்டத்துல காரணம் இல்லாத வீதம் ஆளப் பேய்க்காட்டிப் போடும். 2001 டிசம்பர் 5ல ஆமி சோதனைச் சாவடிகள மூட, புலிகள்ர கட்டுப்பாட்டுல இருந்த சனம் ஆத்தத் தாண்டி வந்து வாக்குப் போடேலாமப் போச்சு, மறுகா உயர் நீதிமன்றம் அது உரிமை மீறல் எண்டு தீர்ப்புச் சொன்னது. படுவான்கரை ஆக்கள்ர பேர் இடாப்புல இருக்கு, வாக்குப் பெட்டியில இல்ல. இத எழுதாம வீதத்த மட்டும் போட்டா சனத்துக்கு அக்கறை இல்ல எண்டுதான் வாசிக்கிறவன் நினைப்பான். அந்தத் தேர்தல்ல தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்டது சூரியன்ல, 2004லதான் வீடு திரும்பி வந்தது. 2024 பொதுத் தேர்தல்ல மட்டக்களப்பு மாவட்டத்த தமிழரசு எடுத்துட்டு, திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) தோத்த ஒரே மாவட்டம் அதுதான். இப்ப கோட்டை எண்டு சொல்றவங்க இந்த இருவது வருசத்தப் பாத்துச் சொல்றாங்க, அது வேற கதை, அத அந்தக் காலம் எண்டு பின்னுக்கு இழுக்கப்படாது.

வயசானவங்களிட்டயும் கேளுங்க, ஆனா ஆருக்குப் போட்டீங்க எண்டு கேட்டா வாயத் துறக்க மாட்டாங்க. எங்க போய்ப் போட்டீங்க, தோணியிலயா பாதையிலயா (ஆத்தக் கடக்கிற மிதவை), ஆர் கூட்டிக்கொண்டு போன எண்டு கேளுங்க, மற்றதெல்லாம் தன்னால வரும்.

மாகாண சபைய வேற தாள்ல எழுதுங்க. 1988 நவம்பர்ல வடக்குக் கிழக்கு ஒண்டா இருக்கக்குள்ள ஒரு தேர்தல், பிரிச்ச பிறகு 2008 மே 10, 2012 செப்டெம்பர் 8. 2008ல கூட்டமைப்பு நிக்கவே இல்ல, அதால 2008யும் 2012யும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வாக்குக் கூடினது குறைஞ்சது எண்டு கணக்குப் பாக்கேலாது. மட்டக்களப்புக்கு 11 சீட்டு, 2012ல தமிழரசு 6, வெற்றிலை (ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) 4, முஸ்லிம் காங்கிரஸ் 1. அந்தச் சபைர காலம் 2017 செப்டெம்பரோட முடிஞ்சது, சட்டத்த மாத்தினதுக்குப் பிறகு எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துல தோத்து, அடுத்த தேர்தல் கிடப்புல விழுந்து போச்சு. அதுக்குக் கீழ ஒரு வரிய வெறுமையா விட்டு காரணத்த எழுதி வைங்க.