"சும்மா வாங்க, டீ சாப்ட்டுட்டு பேசலாம்"னு வேற கம்பெனிக்காரர் கூப்ட்டா என்ன பண்ணணும்

சென்னைல தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு பக்கம், சரக்க கஸ்டம்ஸ்ல க்ளியர் பண்ணி அனுப்பற கிளியரிங் ஆபீஸ்லயோ ஃபார்வர்டிங் கம்பெனிலயோ வேலை பாக்கறவங்களுக்கு இந்த போன் ஒரு நாள் வந்தே தீரும். "இன்னாபா, எப்டி கீற, ஒரு நாள் சும்மா வாயேன், டீ சாப்ட்டுனே பேசலாம்." இன்டர்வியூங்கற வார்த்தையே வராது, ரெஸ்யூம் அனுப்புன்னு கூட சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த டீ ஆறறதுக்குள்ள உங்கள எடுக்கலாமா வேணாமான்னு அவர் மனசுல முடிவு பண்ணிடுவார், அதுக்கப்புறம் நடக்கற ஆபீஸ் இன்டர்வியூ எல்லாம் பேப்பருக்குத்தான்.

நான் 12 வருஷமா டாக்குமெண்டேஷன்ல இருக்கேன், வீடு திருவொற்றியூர். மூணு கம்பெனி மாறிட்டேன், மூணுமே இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல் தடவ எனக்கு சொல்லித்தர ஆள் இல்ல, அதனால ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம நின்னேன், அந்தக் கதைய கீழ சொல்றேன். இப்ப வேலைல இருந்துகிட்டே இப்படி ஒரு சந்திப்புக்கு போறவங்க அதே குழில விழக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல எடம். பாரிஸ் கார்னர்ல எங்கயும் வேணாம். கஸ்டம் ஹவுஸ் சுத்தி இருக்கற எந்த டீக்கடைல நின்னாலும் உங்க ஆபீஸ் ஆளு ஒருத்தர் ஃபைலோட க்ராஸ் பண்ணுவார், அவர் பாக்கலன்னா உங்க பார்ட்டியோட (உங்ககிட்ட வேலை குடுக்கற கஸ்டமரோட) டிரைவர் பாப்பார். மண்ணடி, பீச் ஸ்டேஷன் வாசல் எல்லாம் அதே கதைதான். அவரே பக்கத்துல எங்கயாவது சொன்னா "சார், இங்க வேணாம், தெரிஞ்சவங்க நிறைய பேர் இருப்பாங்க, எழும்பூர் பக்கம் வெச்சுக்கலாமா"ன்னு நேரா கேளுங்க. தப்பாவே எடுத்துக்க மாட்டார், அவர் ஆளு இப்படி வெளிய போனாலும் அவருக்கும் இதே சங்கடம்தான். வீடு திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை சைடுன்னா மெட்ரோ ஏறி ஹைகோர்ட் தாண்டி சென்ட்ரல்ல இறங்குங்க, அங்கேர்ந்து எழும்பூர் ஒரு ஸ்டேஷன்தான். எண்ணூர் ஹை ரோடுல பைக் எடுத்துட்டு போய் கன்டெய்னர் லாரி க்யூல மாட்டிக்கிட்டு, புழுதியோட அரை மணி நேரம் லேட்டா போய் நிக்காதீங்க.

பொண்ணுங்களுக்கு ஒண்ணு, இத நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன். "வீட்டுக்கு வாங்கம்மா பேசலாம்", "லாட்ஜ்ல ரூம் போட்டுருக்கேன் அங்க வந்துடுங்க"ன்னு யார் சொன்னாலும், அவர் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும், போகாதீங்க. ஆபீஸ், இல்ல நாலு பேர் உக்காந்திருக்கற ஹோட்டல், ரெண்டுல ஒண்ணு. யாரப் பாக்கறோம் எங்க பாக்கறோம்னு வீட்ல ஒருத்தருக்கு மெசேஜ் போட்டுட்டு போங்க.

நேரம் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. கப்பல் கட் ஆஃப் (சரக்கு ஒப்படைக்க கடைசி நேரம்) இருக்கற நாள்ல வெச்சுக்காதீங்க, டீ குடிக்கறப்ப "கன்டெய்னர் கேட் இன் ஆவல, எல்இஓ (சரக்கு ஏத்த கஸ்டம்ஸ் குடுக்கற ஆர்டர்) ஆயிடுச்சா பாரு"ன்னு போன் வந்துகிட்டே இருக்கும், பேச்சும் கெடும், வேலையும் கெடும். காலைல ஆபீஸ்க்கு முன்னாடி, இல்ல சனிக்கிழமை மதியத்துக்கு மேல பாருங்க. பகல்லதான் முடியும்னு அவர் சொன்னா அரை நாள் லீவு போடுங்க, காரணம் "சொந்த வேலை" போதும். பாட்டி செத்துட்டாங்க, அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க, இந்த ஏரியால உங்க வீடு எல்லாருக்கும் தெரியும், சாயங்காலமே யாராவது ஆரஞ்சு பழத்தோட வந்து நிப்பாங்க.

விஷயம் வெளிய போறது பெரும்பாலும் சின்னச் சின்ன வழிலதான். எங்க பழைய ஆபீஸ்ல ஒரு பையன் ஆபீஸ் சிஸ்டம்ல வாட்ஸாப் வெப் ஓபன் பண்ணி வெச்சுட்டு சாப்பிட போயிட்டான். அந்த நேரத்துல ஸ்க்ரீன் ஓரத்துல டிங்குனு ஒரு பொட்டி வந்துச்சு, "நாளைக்கு 6 மணி ஓகேவா தம்பி, சாலரி நேர்ல பேசிக்கலாம்". பக்கத்து சீட்ல மேனேஜர் செக்லிஸ்ட் பாத்துட்டு இருந்தார். அவர் ஒண்ணும் கேக்கல, ஆனா அந்த வருஷம் அவனுக்கு இன்க்ரிமென்ட் வரல. அதனால முதல் வேலையா ஆபீஸ் சிஸ்டத்துல இருக்கற வாட்ஸாப், சொந்த மெயில் எல்லாத்தையும் லாக்அவுட் பண்ணுங்க. ரெஸ்யூம ஆபீஸ் ப்ரின்டர்ல எடுக்காதீங்க, வீட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடைல எடுங்க. டிரஸ்ஸும் அப்படித்தான், தினமும் டீஷர்ட்ல வர்றவர் அன்னிக்கு மட்டும் இஸ்திரி சட்டைய டக்இன் பண்ணிட்டு வந்தா "இன்னா மச்சி, பொண்ணு பாக்கவா"ன்னு கேள்வி வந்துடும், ரெண்டு நாள் முன்னாடிலேர்ந்தே நல்ல சட்டை போட்டுட்டு வர ஆரம்பிங்க.

இப்ப பேச்சு. அவர் பத்து நிமிஷம் மழை, மெட்ரோ வேலை, டிராஃபிக்னு பேசுவார், நீங்களும் பேசுங்க, ஆனா கவனமா இருங்க, உங்க வாய் எப்படின்னு பாக்கறதே அப்பதான். "உங்க முதலாளி எப்படி?"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். எவ்ளோ வயித்தெரிச்சல் இருந்தாலும் திட்டாதீங்க. நம்ம லைன்ல எல்லாரும் எல்லார்கிட்டயும் ஒரு காலத்துல வேலை பாத்தவங்க, இவரே உங்க முதலாளிகிட்ட தொழில் கத்துக்கிட்டவரா இருப்பார். "அங்க நிறைய கத்துக்கிட்டேன் சார், இப்ப இம்போர்ட் சைடும் பாக்கணும்னு ஆசை, அங்க அதுக்கு வழியில்ல"ன்னு உண்மையா இருக்கற ஒரு காரணத்த மட்டும் சொல்லுங்க.

அடுத்தது வரும் பாருங்க, அதுதான் ரொம்ப முக்கியம். "உங்க கைல எந்தெந்த பார்ட்டி இருக்காங்க, ரேட் எவ்ளோ போடறீங்க?" சிரிச்சுகிட்டேதான் கேப்பாங்க. இங்க நிறைய பேர் தன் மதிப்ப காட்டறதா நெனச்சு பார்ட்டி பேரு, ஒரு கன்டெய்னருக்கு என்ன சார்ஜ், எல்லாத்தையும் கொட்டிடுவாங்க. உங்க இப்போதைய முதலாளிக்கு அது துரோகம், அது முதல் விஷயம். அதோட, கேக்கறவர் மனசுல "இவன் நாளைக்கு நம்ம விஷயத்தயும் இப்படித்தான் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவான்"னு விழுந்துடும். நான் சொல்ற பதில் இதுதான்: "சார், பார்ட்டி பேரு சொல்றது சரியா இருக்காது. லெதர், கார்மென்ட்ஸ் ரெண்டும் பாக்கறேன், மாசத்துக்கு சுமார் இத்தன ஷிப்பிங் பில் (எக்ஸ்போர்ட்டுக்கு கஸ்டம்ஸ்ல போடற பேப்பர்) என் கை வழியா போவுது, போன வருஷம் என் தப்பால அமெண்ட்மென்ட் (திருத்தம்) போட்டது ரெண்டே ரெண்டு." நம்பர் உங்க உண்மையான நம்பரா இருக்கட்டும், முந்தின நாள் ராத்திரியே உக்காந்து எண்ணி வெச்சுக்கோங்க. சாம்பிள் காட்டறேன்னு ஆபீஸ் இன்வாய்ஸ், பில் ஆஃப் என்ட்ரி (இம்போர்ட்டுக்கு கஸ்டம்ஸ்ல போடற பேப்பர்) காப்பி எதையும் போன்ல கூட எடுத்துட்டு போகாதீங்க.

சம்பளத்த ஏத்தி சொல்லாதீங்க, பின்னாடி மூணு மாச பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேப்பாங்க. அவர் ஒரு தொகை சொன்னா அது சிடிசியா (உங்களுக்காக கம்பெனி பண்ற மொத்த செலவு), கைல வர்றதான்னு அங்கயே கேளுங்க. 30,000 சிடிசின்னு சொல்லி, பிஎஃப் 15,000க்கு புடிக்கறாங்கன்னா, உங்க பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800, ரெண்டும் அதுக்குள்ளயே போயிடும், கைல அதிகபட்சம் 26,400தான் நிக்கும். இன்னொண்ணு, சம்பளம் 21,000 தாண்டினா ஈஎஸ்ஐ கிடையாது. அம்மா அப்பாவ அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில காட்டிட்டு இருக்கறவங்க இத மறந்துடாதீங்க, புது எடத்துல மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கா, அதுல அப்பா அம்மாவும் வருவாங்களான்னு கேட்டுக்கோங்க.

இப்ப வேலை பாக்கற எடத்துல 5 வருஷம் ஆகப் போவுதுன்னா கொஞ்சம் காலண்டரையும் பாருங்க, பொதுவா 5 வருஷம் முடிஞ்சாதான் கிராஜுவிட்டி (வேலைய விடறப்ப கம்பெனி குடுக்கற தொகை) வரும். அதோட கணக்கு, கடைசி பேசிக்க (டிஏ இருந்தா அதையும் சேத்து) 15ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்கி, 26ஆல வகுக்கணும். பேசிக் 12,000, 5 வருஷம்னா 34,615 ரூபா வரும். மூணு மாச அவசரத்துல விட்டுட்டு வர்ற காசா அது?

"எப்ப சேருவீங்க?"ன்னு கேட்டா "நாளைக்கே"ன்னு சொல்லாதீங்க. "அங்க ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்து, கைல இருக்கற ஃபைல ஒப்படைச்சுட்டுத்தான் சார் வருவேன்"னு சொல்லுங்க. அதோட சேத்தே, "ஆஃபர் வர்ற வரைக்கும் என் ஆபீஸ்ல யார்கிட்டயும் விசாரிக்காதீங்க"ன்னு கேட்டுக்கோங்க, அதுக்கு பதிலா பழைய கம்பெனில உங்கள நல்லா தெரிஞ்ச ஒருத்தர் நம்பர், அவர்கிட்ட கேட்டுட்டு, குடுங்க.

இப்ப என் கதை. முதல் தடவ கூப்ட்டவர் டீ குடிச்சு முடிச்சு என் தோள்ல கை போட்டு, "ஒண்ணாந்தேதி வந்துடு பா, சீட் உனக்குத்தான்"னார். அந்த வார்த்தைய நம்பி மறுநாளே பேப்பர் போட்டுட்டேன், அதாவது ராஜினாமா குடுத்துட்டேன். ஒண்ணாந்தேதி போய் நின்னா "கொஞ்சம் வெய்ட் பண்ணு, பெரியவர் ஊர்ல இல்ல"ன்னாங்க, அப்புறம் "அடுத்த வாரம்", அப்புறம் போனே எடுக்கல. பழைய எடத்துல என் சீட்ல வேற பையன் உக்காந்துட்டான். அந்த ரெண்டு மாசம் ரேஷன் அரிசிலயும் தங்கச்சி சம்பளத்துலயும்தான் வீடு ஓடுச்சு, தினமும் காலைல வேலைக்கு போற மாதிரி கெளம்பி ராயபுரம் வரைக்கும் நடந்துட்டு வருவேன், ஏன்னா அப்பாகிட்ட சொல்ல முடியல. அவர் வேணும்னு ஏமாத்துனார்னு நான் இப்பவும் நெனைக்கல, அந்த முடிவு அவர் கைல இல்ல, அவ்ளோதான்.

அதனால கம்பெனி மெயில்லேர்ந்து ஆஃபர் லெட்டர் வரணும். அதுல வேலை பேரு, சம்பளப் பிரிவு, சேர்ற தேதி மூணும் இருக்கணும். அது கைக்கு வர்ற வரைக்கும் பேப்பர் போடாதீங்க, ஆபீஸ்ல நெருங்கின ஃப்ரெண்டுகிட்ட கூட மூச்சு விடாதீங்க. நடுவுல உங்க மேனேஜர் காதுக்கு போயி நேரா கேட்டார்னா பொய் சொல்லாதீங்க, "தெரிஞ்சவர் கூப்ட்டார் சார், பேசினேன், இங்க வேலைல ஒரு குறையும் வெக்க மாட்டேன்"னு சொல்லிட்டு அன்னிக்கு வேலைய முடிச்சுட்டு கெளம்புங்க.

சந்திச்ச அன்னிக்கு ராத்திரியே "நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி சார்"னு ஒரு வரி போடுங்க. பத்து நாள் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல துரத்தாதீங்க.

ஜி கார்டு, ஹெச் கார்டு (கிளியரிங் ஆளுங்களுக்கு கஸ்டம்ஸ் குடுக்கற அடையாள அட்டை) வெச்சிருக்கறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. அந்தக் கார்டு உங்க இப்போதைய கிளியரிங் ஏஜென்ட் பேர்லதான் இருக்கு, வேலைய விடறப்ப ஒப்படைச்சுட்டு புது எடத்து பேர்ல திரும்ப வாங்கணும். அதுவரைக்கும் டாக்ல எறங்கி வேலை பாக்க முடியாது, இத புது ஆள்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. ரிலீவிங் லெட்டர்ல இருக்கற தேதிக்கு அடுத்த நாளோ அதுக்கு அப்புறமோ சேர்ற மாதிரி தேதி வாங்குங்க, ஒரே நாள் ரெண்டு எடத்துலயும் வேலை பாத்த மாதிரி பிஎஃப்ல ஏறிடுச்சுன்னா அத சரி பண்ண நீங்கதான் அலையணும்.