இருட்டையும் கொஞ்சம் விட்டுவையுங்கள்: கொழும்பு எச்டிஆர் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேர வாவிக் கரையில் நின்று அந்திநேரத்தில் தாமரைக் கோபுரத்தைப் படமெடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். கோபுரத்தின் விளக்குகளுக்கு ஏற்ப எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, வைத்தால் கரையோர மரங்கள் கரிக்கட்டையாகிவிடும். மரங்களுக்கு ஏற்ப வைத்தால் உச்சியில் உள்ள மொட்டு வெறும் வெள்ளைத் திட்டாக வெளிறிப்போகும். ஒரே காட்சியைக் குறைந்த ஒளி, நடு ஒளி, கூடிய ஒளி என்று பல தடவை எடுத்து ஒன்றாக்கும் எச்டிஆர் முறை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

ஆனால் ஒன்றாக்கி முடித்த படங்கள் பலவற்றில் அந்தியே காணாமல் போய்விடுகிறது. மரத்தடியிலும் வெளிச்சம், பாலத்துக்கு அடியிலும் வெளிச்சம், வாவியின் மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம். விளக்குகள் எதற்காக எரிகின்றன என்றே பார்ப்பவருக்குப் புரியாது. நகரக் காட்சிகளில் நேரும் தவறுகளுள் இதையே தலையானது என்று சொல்வேன். மற்றவற்றில் பெரும்பாலானவை இதன் கிளைகள்.

இந்த முறையின் வேர் பழையது. பிரெஞ்சுப் படக்கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடற்காட்சிகளுக்கு வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். மேகத்தையும் அலையையும் சேர்த்துக் காட்டுவதே அவருடைய நோக்கம். அந்தப் படங்களில் இருண்ட இடங்கள் தாராளமாக இருக்கின்றன. அவற்றின் கம்பீரத்துக்கும் அதுதான் காரணம்.

படமெடுக்கும்போது

முதலில் நேரம். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 7 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குவதால் அந்தி மளமளவென்று முடிந்துவிடும். லண்டனில் கோடைக்காலத்தில் முக்கால் மணி நேரம் நீளும் அந்தியொளி இங்கே 20 நிமிடங்களைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஐரோப்பியப் பயிற்சி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சூரியன் மறைந்த பிறகு ஆற அமர இடம் தேடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். அதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சூரியன் கடலுக்குள் போனதும் காலிமுகத்திடலில் பாதிக் கமராக்கள் பைக்குள் போய்விடுகின்றன. வானத்தின் நீலமும் கட்டடங்களின் விளக்கொளியும் சமமாக நிற்கும் தருணம் அதற்கு ஒரு கால் மணி நேரம் கழித்துத்தான் வரும். சூரியன் மறைவதற்கு முன்பே முக்காலியை ஊன்றி, காட்சியை அமைத்துவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்தது, படத்துக்குப் படம் எதை மாற்றுவது என்பது. ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். லென்ஸின் துளையான அபர்ச்சரை மாற்றினால் தெளிவு விழும் தூரமும் மாறும். ஒன்றாக்கும்போது விளிம்புகள் பொருந்தாது. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் புள்ளி இரைச்சல் ஒவ்வொரு விதமாக இருக்கும். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஒயிட் பேலன்ஸ் ஒன்றில் நிலையாக, போகஸ் கையால் வைத்துப் பூட்டியபடி, 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காகும் அல்லது பாதியாகும்) மூன்று படங்கள். பெரும்பாலான அந்திக் காட்சிகளுக்கு இது போதும்.

போதாத இடம் ஒன்று உண்டு, அது நம் கோபுரமே. சுமார் 350 மீட்டர் உயரத்தில் நிற்கும் தாமரைக் கோபுரத்தின் எல்இடி விளக்குகள் இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மொட்டு இளஞ்சிவப்பாக எரியும்போது படத்தின் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான கமராவின் பொதுவான ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று காட்டும். சிவப்பு நிறத்துக்குரிய வரைபடத்தைத் தனியாகத் திறந்து பார்த்தால் அது மிகுந்த வெளிச்சத்தைக் குறிக்கும் வலது ஓரத்துச் சுவரில் மோதிக்கொண்டு நிற்கும். அப்படி எடுத்த படத்தில் இதழ்களுக்கு இடையிலான மடிப்புகள் இருக்காது. ஒரே தட்டையான சிவப்புத்தான் இருக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அந்த மடிப்புகளை மீட்க முடியாது. எனவே மூன்று நிறங்களின் வரைபடங்களையும் தனித்தனியே பாருங்கள். மிக இருண்ட படத்துக்கும் கீழே இன்னும் 2 ஸ்டாப் குறைத்து ஒன்று எடுத்துவையுங்கள். முதல் படத்தில் இளஞ்சிவப்பாக இருந்த மொட்டு மூன்றாவது படத்துக்குள் நீலமாகிவிட்டால் ஒன்றாக்கிய படத்தில் கலங்கிய சாம்பல் ஊதா ஒன்று வரும். அப்போது கோபுரத்தை மட்டும் ஏதாவது ஒரு படத்திலிருந்து எடுத்து, மாஸ்க் போட்டு, அதாவது மற்றப் பகுதிகளை மறைத்து, சேர்ப்பதே வழி.

அசையும் பொருள்கள் தனித் தலைவலி. சீமா மாலகப் பக்கம் வாவியில் கூழைக்கடாக்கள் நிற்கும். மூன்று படங்களுக்குள் ஒன்று தலையைத் திருப்பினால் ஒரு பறவைக்கு மூன்று அலகு வந்துவிடும். தென்னோலை, அலை, முச்சக்கர வண்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அசைந்த பொருள்களின் இரட்டை உருவங்களை அகற்ற மென்பொருளில் உள்ள ஆவிநீக்கும் வசதியை உச்சத்துக்கு ஏற்றிவிடுவது பலரின் பழக்கம். அது அந்த இடத்துக்கு மட்டும் ஏதோ ஒரு படத்தைத் தேர்ந்து ஒட்டுகிறது. அது இருண்ட படமாக இருந்துவிட்டால் தெளிந்த நீருக்கு நடுவே இரைச்சல் நிறைந்த ஒட்டு ஒன்று தெரியும். அசைவுள்ள பகுதிக்கு நடு எக்ஸ்போஷர் படத்தை நீங்களே தேர்ந்து வைத்தால் இந்த வம்பு இல்லை.

சில சிறிய விஷயங்கள். முக்காலியில் வைத்ததும் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். கடற்கரையில் உப்புத் துளி லென்ஸில் படியும். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மங்கலான வளையம் தெரிந்தால் மென்பொருளைத் திறப்பதற்கு முன் கண்ணாடியைத் துடையுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கிய கையோடு கமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையிலேயே சற்று நேரம் வைத்திருங்கள். கோட்டைப் பகுதியில் பாதுகாப்பு அதிகம். முக்காலியை விரிப்பதற்கு முன் அங்குள்ள காவலரிடம் கேட்டுவிடுவது நல்லது. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

கமரா பதித்த மூலத் தரவான ஒரே ரா கோப்பிலிருந்து இருண்டது, நடுத்தரமானது, வெளிச்சமானது என்று மூன்று ஜேபெக் செய்து அவற்றை ஒன்றாக்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோப்பில் இல்லாத ஒளி இதனால் புதிதாக வந்துவிடாது. அந்த ஒற்றை ரா கோப்பையே நேராகத் திருத்தினால் இதைவிடச் சுத்தமான படம் கிடைக்கும். கைப்பேசிப் படமும் அப்படித்தான். 2010இல் ஐபோன் 4க்கு வந்த எச்டிஆர் வசதி இன்று ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் தானாகவே நடக்கிறது. அப்படி ஏற்கெனவே சமன்செய்யப்பட்ட படத்தின் மேல் இன்னொரு எச்டிஆர் பில்டரைப் பூசுவது வெந்த சோற்றை மறுபடியும் அடுப்பில் ஏற்றுவதைப் போன்றது.

திருத்தும்போது

எச்டிஆர் படத்தின் மேல் முதலில் விழும் புகார் ஒளிவட்டம். கட்டடமும் வானமும் சந்திக்கும் விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடும். ஒவ்வொரு சிறு பகுதியின் வெளிச்சத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு மாற்றுவதால் மென்பொருளுக்கு விளிம்பில் இந்தத் தடுமாற்றம் வருகிறது. படத்தைப் பெரிதாக்கித் தேடினால் சில வேளை இது கண்ணுக்குப் படாது. தபால் முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கோபுரத்தைச் சுற்றிப் பளிச்சென்று தெரியும்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள ஜாமி உல் அல்பார் பள்ளிவாசல் இந்தப் பாடத்துக்கு நல்ல இடம். 1908இல் கட்டத் தொடங்கிய அந்தச் செவ்வெள்ளைச் சுவரில் ஒளி வேறுபாட்டை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியைக் கூட்டிப் பாருங்கள். வெள்ளைப் பட்டை சாம்பலாகும், சிவப்புப் பட்டையின் ஓரம் கருப்புக் கோடாகும், கண்ணைக் கவரும் அந்த வரிகள் அழுக்குப் படிந்த சுவராகிவிடும். அந்தக் கட்டடத்தில் முரண் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. நாம் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. ஒடுங்கிய தெருவில் அண்ணாந்து எடுப்பதால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். அதை நிமிர்த்துவதுதான் அங்கே முதல் வேலை.

நிழல்களை வெளிச்சமாக்கும் ஷேடோஸ் பட்டியை +100க்குத் தள்ளும் கை சற்று நிதானிக்க வேண்டும். நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. படத்தைத் தற்காலிகமாகக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அந்திப் படத்தில் மிகவும் வெளிச்சமான இடம் ஒரு விளக்காக இருக்க வேண்டும். ஏதோ ஒரு சுவரோ புல்தரையோ விளக்கை முந்திக்கொண்டு வெளுத்திருந்தால் நிழலை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள். எங்காவது ஓர் இடம் உண்மையான கருப்பாகவும் இருக்கட்டும்.

வானத்தை மாற்றும் ஆசை வந்தால் முதலில் திசையைப் பாருங்கள். தாமரைக் கோபுரம் காலிமுகத்திடலுக்குக் கிழக்கே இருக்கிறது. திடலிலிருந்து கோபுரத்தைப் பார்த்து எடுத்த படத்தில் அதன் பின்னால் சூரியன் அஸ்தமிக்க முடியாது. கொழும்பில் வளர்ந்த எவருக்கும் அந்தப் படம் ஒரு நொடியில் பொய்யாகிவிடும். வானத்தை மாற்றிவிட்டு வாவியில் பழைய வானத்தின் பிரதிபலிப்பை அப்படியே விட்டுவிடுவது அடுத்த தவறு.

நட்புப் போட்டிகளில்

ஒருவர் தன் ரா கோப்புகளைக் கொடுக்க, எல்லோரும் அதைத் தத்தம் விருப்பப்படி திருத்தி அனுப்ப, வென்றவர் அடுத்த சுற்றுக்குக் கோப்புக் கொடுப்பது நண்பர் குழுக்களில் வழக்கம். படத்திருத்தம் கற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரே மூலத்தை இன்னொருவர் எப்படிப் பார்த்தார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தரமிழந்து போகும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கிளவுட் இணைப்பைக் கொடுங்கள். வெட்டலாமா, வேறு படத்தைச் சேர்க்கலாமா, செயற்கை நுண்ணறிவால் எதையாவது உருவாக்கலாமா என்பவற்றைக் கோப்புக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வாக்கெடுப்பு முடிந்த பிறகு வரும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. திருத்திய படத்தைப் பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படம் பலருடைய திரையில் சோர்ந்து தெரியும். திருத்தத்தில் குறையில்லாமலே வாக்கு போய்விடும்.

இதைவிட ஆழமான தவறு வெல்வதற்காகக் கத்துவது. பத்துப் படங்கள் கைப்பேசித் திரையில் சிறு கட்டங்களாக வரும்போது அதிக நிறமும் அதிக வெளிச்சமும் உள்ள படம்தான் முதலில் கண்ணில் படும். அதை அறிந்தே சிலர் பட்டிகளை ஏற்றுகிறார்கள். நடத்துபவர்தான் இதற்கு மருந்து போட வேண்டும். பெயர்களை மறைத்து இலக்கமிட்டு, ஒவ்வொரு படத்தையும் முழுத்திரையில் பார்த்த பிறகே வாக்களிக்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் வாக்கு படத்துக்குப் போகாமல் ஆளுக்குப் போய்விடும்.

கருத்துச் சொல்வதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். “அருமை” என்பதால் எவரும் எதையும் கற்பதில்லை. “அண்ணா, கோபுரத்தின் இடப்பக்கத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது. வானத்துக்குத் தனி மாஸ்க் போட்டுப் பார்த்தீர்களா?” என்று இளையவர் கேட்டால் மூத்தவருக்கும் அது உதவும். எந்த இடம், என்ன குறை, எப்படித் திருத்தலாம் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

கொடுத்த கோப்பு இரவல் பொருள். திருத்தியது நீங்களானாலும் எடுத்தவர் வேறொருவர். அவருடைய அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் போடுவதோ விற்பதோ கூடாது.

இன்னொருவருடைய உரிமையும் இதில் இருக்கிறது, அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காலிமுகத்திடலின் கடலோரச் சுவரில் அந்திக்குப் பிறகு ஜோடிகளும் குடும்பங்களும் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணுக்கு அவர்கள் வெறும் நிழலுருவங்கள். கூடிய ஒளியில் எடுத்த படத்திலோ முகம் பதிந்திருக்கும். நிழலை ஏற்றியதும் யார் என்று அடையாளம் காணும் அளவுக்கு வெளியே வந்துவிடும். இருட்டில் உட்காரத் தேர்ந்துகொண்டவர்களை நாம் வெளிச்சத்துக்கு இழுத்து வருகிறோம். கோப்பைப் பகிர்வதற்கு முன் அந்த வெளிச்சமான படத்தை முழு அளவில் திறந்து பாருங்கள். முகங்கள் தெரிந்தால் அந்த எக்ஸ்போஷரைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டாம். சுவரை ஒட்டிய பகுதியை இருண்ட படத்திலிருந்தே எடுக்கும்படி விதியிலேயே எழுதிவிடுங்கள்.