பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஆடும் சீட்: சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேக்கை மிதித்தால் சீட் லேசாக முன்னால் நகர்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் 'டக்' என்று பின்னால் போய் உட்காருகிறது. இருபது வருடம் தாண்டிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன சத்தம். தயவுசெய்து பழகிக்கொள்ளாதீர்கள். பின்சக்கரம் பிடி தளர்வதை நாம் முதலில் உணர்வது கண்ணாலோ கையாலோ அல்ல, இடுப்பால். சீட் ஆடினால் அந்தச் செய்தி தாமதமாக வருகிறது. வளைவின் நடுவில் சீட் நகர்ந்ததா, கார் வழுக்கியதா என்று தெரியாமல் போகிறது.

பெரும்பாலும் இந்த ஆட்டத்துக்குக் காரணம் மோதிரம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது சீட் ஃபிரேமை ரெயிலோடு இணைக்கும் தண்டுக்கும் அதன் ஓட்டைக்கும் நடுவே உட்காரும் வளையம். அது தேய்வது இயற்கை. அதை மாற்றப் போய் அவசரத்தில் செய்யும் வேலைகள்தான் பெரிய கெடுதல் செய்கின்றன.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, ஸ்பேனரை எடுத்துத் தரையிலுள்ள நான்கு போல்ட்டையும் இறுக்குவது. நானும் என் காரில் அதைத்தான் செய்தேன். ஒரு மாதத்தில் மூன்று முறை இறுக்கினேன். மூன்றாம் முறை ஒரு போல்ட் திடீரென்று இளகிச் சுற்றியது. தரைத் தகட்டோடு வெல்டு செய்திருந்த நட்டின் மரை போய்விட்டது. சீட்டின் ஆட்டமோ கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஒழுங்காக முறுக்கிய சீட் போல்ட் தானாகக் கழல்வது அபூர்வம். ஒரு தடவை சரிபாருங்கள். இறுக்கமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. இதற்கு இன்னொருவர் உதவி வேண்டும். அவர் சீட்டில் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசையட்டும். நீங்கள் கீழே குனிந்து, இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஒரு விரல்நுனி அந்த இரண்டு பாகத்தையும் தொடும்படி வையுங்கள். முதலில் தரைக்கும், சீட் முன்பின் நகரும் தண்டவாளமான ரெயிலுக்கும் நடுவே. அடுத்து கீழ் ரெயிலுக்கும் மேல் ரெயிலுக்கும் நடுவே. பிறகு மேல் ரெயிலுக்கும் சீட் ஃபிரேமுக்கும். கடைசியில் சாய்மானக் கீல். ஒன்று நின்று மற்றொன்று நகர்வதை விரல் உடனே சொல்லிவிடும். டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அரை மில்லிமீட்டர் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. கீழே அரை மில்லிமீட்டராக இருப்பதுதான் தலை உயரத்தில் சில மடங்கு பெரிதாகிறது.

தரையும் ரெயிலும் சேரும் இடத்தில் அசைவு தெரிந்தால் காரின் அடியில் போய்ப் பாருங்கள். துருவோ விரிசலோ இருந்தால் அது சீட் வேலை இல்லை, பாடி வேலை. அதை முடிக்காமல் காரை ஓட்டாதீர்கள். ரெயிலும் ஃபிரேமும் சேரும் இடம் என்றால் புஷ். 1995 முதல் 2002 வரை வந்த பி.எம்.டபிள்யூ இசட்3 இந்த ரக ஆட்டத்துக்குப் பேர்போனது. மோட்டார் வைத்த சீட்டில் இன்னொரு இடமும் உண்டு: சீட்டை முன்பின் நகர்த்தும் நீளமான திருகுத் தண்டு. அதன் முனையில் உள்ள வாஷரோ பிளாஸ்டிக் நட்டோ தேய்ந்தால், ரெயில் கெட்டியாக இருக்கும்போதே சீட் முழுவதும் முன்பின் ஆடும். புஷ் மாற்றினால் இது தீராது.

சரி, இடம் தெரிந்துவிட்டது, சீட்டை வெளியே எடுக்க வேண்டும். இங்கே வரிசை முக்கியம். மோட்டார் சீட் என்றால் பேட்டரியைக் கழற்றும் முன்பே சீட்டை முழுக்க முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளையும், முழுக்கப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளையும் கழற்றிவிட வேண்டும். பிறகு ரெயிலின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். வெளியே தூக்கும்போது எடை சமமாக இருக்கும். அதற்கு அப்புறம்தான் பேட்டரி. இந்த வரிசை தெரியாமல் பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு, இரண்டு போல்ட்டுகள் சீட்டுக்கு அடியில் மறைந்திருக்க மணிக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர்.

சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் கை வைக்கும் முன் நிதானியுங்கள். அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் வெடிமருந்துக் கருவியின் இணைப்பு. பக்கவாட்டு ஏர்பேக் 1990களின் நடுவில் வோல்வோ 850 மூலம்தான் கார்களுக்கு வந்தது. அதற்கு முந்தைய கார் என்பதற்காக அலட்சியம் வேண்டாம். பக்கவாட்டு ஏர்பேக் இல்லாத காரிலும் பெல்ட் இறுக்கி இருக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு, உங்கள் காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கும், அது வடிய வேண்டும். அவசரப்படுபவர்கள் செய்யும் இரண்டு தவறுகளை அழுத்திச் சொல்கிறேன். சீட் வெளியே இருக்கும்போது இக்னிஷனைப் போடாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, பல கார்களில் ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் அணையும். மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டரை வைத்து அளக்கவே அளக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரம்கூட அதை வெடிக்க வைக்கும் அபாயம் உண்டு.

வெளியே எடுத்த சீட்டில் அதிகம் பேர் கோட்டை விடுவது ரெயில்களின் ஒத்திசைவு. இடது ரெயிலும் வலது ரெயிலும் ஒரே அளவு முன்னே பின்னே நிற்க வேண்டும். சாதாரண சீட்டில் கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கப் பூட்டையும் ஒன்றாகத் திறக்கிறது. மோட்டார் சீட்டில் பெரும்பாலும் ஒரு மோட்டார் இரண்டு பக்கத் திருகையும் வளையும் கேபிள் வழியாகச் சுற்றுகிறது. கேபிளைக் கழற்றிவிட்டுத் திருகை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாலே போதும், ஒரு பக்கம் முந்திவிடும். அப்புறம் சீட் கோணலாக நகரும், மோட்டார் முனகும், போல்ட் ஓட்டையும் போல்ட்டும் நேராக வராது. அப்போது போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருகி மரையைக் கெடுப்பது அடுத்த தவறு. கழற்றும் முன் இரண்டு ரெயிலிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு இல்லாமல் கழற்றியிருந்தால், இரண்டு ரெயிலையும் ஒரே முனையில் முட்டும் வரை தள்ளி அங்கிருந்து சேர்க்கலாம்.

புஷ் விஷயத்தில் நான் பார்த்த தவறுகள் பல வகை. புஷ் உட்காரும் தண்டைச் சுற்றி டேப் ஒட்டுவது, குளிர்பான டப்பாவின் தகட்டை வெட்டிச் சொருகுவது, ஃபிரேமுக்கும் ரெயிலுக்கும் நடுவே ரப்பரை அடைத்து முட்டுக்கொடுப்பது. இரண்டு வாரம் நன்றாக இருக்கும். டேப் நசுங்கிப் பிதுங்கிவிடும். தகடு கூர்மையாகி தண்டையே அரிக்கும். அதன் பிறகு புது புஷ் போட்டாலும் தண்டு தேய்ந்த இடத்தில் தளர்வாகவே நிற்கும். ரப்பர் அழுந்துகிற பொருள் என்பதால் 'டக்' சத்தம் மட்டும் போகும், ஆட்டம் போகாது.

நல்ல புஷ்ஷுக்கு இரண்டு குணம் வேண்டும்: அழுந்தாமல் இருக்க வேண்டும், வழுக்க வேண்டும். நைலான் அதற்குச் சரிதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும். டெல்ரின் எனப்படும் அசெட்டால் பிளாஸ்டிக் அந்த அளவுக்கு ஈரம் வாங்காது, அளவு மாறாது. திறந்த கூரைக் காருக்கு என் தேர்வு அதுதான். லேத்தில் கடைந்து வாங்கும்போது பழைய புஷ்ஷை அளந்து கொடுக்காதீர்கள். அது தேய்ந்தது, அதன் அளவு பொய். தண்டின் விட்டத்தையும் ஓட்டையின் விட்டத்தையும் வெர்னியரில் தனித்தனியாக, இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் அது அப்போதுதான் தெரியும். ஆட்டமே இருக்கக் கூடாது என்று மிக இறுக்கமாகப் போடுவதும் தவறு. உயரம் மாற்றும் இணைப்பு அந்தத் தண்டில்தான் சுழல்கிறது. இறுகினால் மோட்டார் திணறும். கையால் அழுத்தி ஏற்றக்கூடிய இறுக்கம் போதும்.

ஒரு புஷ் உடைந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். என் காரில் கதவுப் பக்கத்துப் பின்புஷ் நிலக்கடலைத் தோல்போல் பொடியாகக் கொட்டியது, மற்ற மூன்றும் பார்வைக்கு முழுசாக இருந்தன. அதை மட்டும் மாற்றினேன். முழு பாரமும் புது புஷ் மேல் விழுந்தது. சீட் கொஞ்ச நாளில் மறுபடி ஆடத் தொடங்கியது.

கிரீஸ் பற்றிச் சுருக்கமாக: துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே மசகு அல்ல. அது இருக்கிற கிரீஸையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும். மணல் கலந்து கெட்டியான பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள்.

சிலர் இதையெல்லாம் தாண்டி ஃபிரேமை ரெயிலோடு வெல்டு வைத்துவிடுகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். அமெரிக்காவின் 207ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி, சீட் தன் எடையைப்போல் 20 மடங்கு விசையை முன்னும் பின்னும் தாங்க வேண்டும் என்கிறது. 25 கிலோ சீட் என்றால் அரை டன் பாரம். பெல்ட்டின் பிடி சீட்டிலேயே இருக்கும் கார்களில் உட்கார்ந்திருப்பவரின் பாரமும் அதோடு சேரும். ரெயில் எஃகு அதற்கென்று உருவாக்கப்பட்டது. வெல்டு சூடு பட்ட ஓரத்தில் அதன் பலம் மாறிவிடும், வெளிப்பார்வைக்குத் தெரியாது.

திரும்ப மாட்டும்போது நான்கு போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றுங்கள், பிறகு இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் ஓட்டை நழுவும். எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவை வைக்க வேண்டும். மரையில் எண்ணெய் தடவினால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும், ஆகவே உலர்ந்த மரைதான். சில கார்களுக்குப் புது போல்ட் போடச் சொல்லியிருப்பார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஏர்பேக் கனெக்டரைச் சொருகிய பிறகே பேட்டரி. முதல் தடவை இக்னிஷன் போடும்போது சீட்டில் உட்காராமல் வெளியே நின்று போடுங்கள்.

அதற்குப் பிறகும் சாலைக்கு விரையாதீர்கள். சீட்டை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றி முன்னும் பின்னும் பலமாகத் தள்ளிப் பாருங்கள். கையால் நகர்த்தும் சீட்டில் இரண்டு பக்கப் பூட்டும் விழும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் சீட் கெட்டியாகவே தோன்றும், பலமான பிரேக்கில்தான் வழுக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதே டார்க் அளவை வைத்து நான்கு போல்ட்டையும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள்.