சத்துவாச்சாரியில் மனு கொடுக்கும் முன்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு சத்துவாச்சாரியில் இருக்கும் வேலூர் ஆட்சியர் அலுவலகம் வருகிறவர்கள் பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். கேட்டாலும் கேட்காவிட்டாலும் மொத்தத்தையும் மனுவோடு பின் அடித்துக் கொடுத்துவிடுகிறோம். மனு ஒரு மேசையோடு நிற்பதில்லை, தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. என்று இறங்கிக்கொண்டே போகும். தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுவுக்குப் பாஸ்புக் நகல் எதற்கு? கேட்டதை மட்டும் கொடுங்கள். நகலின் மேல் தேதியையும், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் பேனாவால் குறுக்கே எழுதுங்கள். முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதை ஏற்கும் இடத்தில் அதுவே போதும்.

இதைவிடப் பெரிய தவறு, போன் நம்பர். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பாட்டிக்குச் சொந்த போன் இருக்காது. ஆதாருக்கு விண்ணப்பம் போடும்போது, பதிவு செய்கிறவர் தன் நம்பரையே போட்டுவிடுவார். அவசரத்துக்குச் செய்த உதவிதான், ஆனால் அதன் பிறகு பாட்டியின் ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஆதாரில் மாவட்டப் பெயரை மாற்றப் போகிறவர்கள், எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்பதையும் கையோடு பார்த்துவிடுவது நல்லது. வீட்டுப் பிள்ளைகளின் நம்பராவது இருக்கட்டும்.

ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பிவிட்டு, பிரின்ட் வாங்கியதும் கிளம்பிவிடுகிறோம். படம் அங்கேயே கிடக்கும். கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

கைரேகை விஷயம் கொஞ்சம் சிக்கல். ஆதார் வழிப் பணம் எடுப்பதற்கு ஆதார் எண், வங்கிப் பெயர், ரேகை மூன்றும் போதும், ஓடிபி கேட்காது. 2018ல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் பிரதியெடுத்துப் போலி ரேகை செய்த வழக்கு பிடிபட்டது. அந்த ஆவணங்கள் அரசுத் தளத்திலேயே கிடைத்தன. அதனால் ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கை (ரேகை, கண் பதிவுகளை) பூட்டி வையுங்கள். ரேஷன் கடையில் ரேகை வைக்கப் போகும்போது மட்டும் தற்காலிகமாகத் திறந்தால் சரி, இல்லாவிட்டால் அங்கே ரேகை ஏற்காது.

‘அரசாங்கத்திடம்தானே இருக்கிறது, பத்திரமாக இருக்கும்’ என்று நினைப்பதும் தவறு. சுமார் 210 அரசுத் தளங்கள் பயனாளிகளின் ஆதார் விவரத்தைப் பொதுவில் போட்டிருந்ததை 2017ல் ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை; பட்டியலை அரசு அலுவலகங்களே வெளியிட்டிருந்தன. 2023ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடையாது, தன் அமைப்புகளுக்கே விலக்கு தரும் அதிகாரமும் அரசுக்கு இருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணம் போய்விட்டால் கடைசித் தவறு, முதலில் பேங்க் வாசலில் போய் நிற்பது. அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். அப்புறம் பேங்க், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம்.