வலியில்லாத மஞ்சள் காமாலையா? கணையத்தையும் பாருங்கள்

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்குக் கண் மஞ்சளானபோது, மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பிறகுதான் அது கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த மூன்று வாரம் இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

வலியில்லாத மஞ்சள், கட்டன் சாயா (பாலில்லாத டீ) நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், உடம்பெல்லாம் அரிப்பு, எடை குறைவு, 50 வயதுக்கு மேல் திடீரென வந்த சர்க்கரை. இப்படிச் சேர்ந்து வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருப்பதால் சாதாரண வயிற்று ஸ்கேனில் கட்டி தெரியாமல் போகலாம். அப்பாவுக்கும் அப்படித்தான். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். எண்டோஸ்கோப்பி வழியே அல்ட்ராசவுண்டில் பார்த்துச் சோதனைக்குக் கொஞ்சம் சதை எடுப்பார்கள். சி.ஏ. 19-9 என்ற, புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பக்கூடாது. பித்தநாளம் அடைத்தாலே அது ஏறும்.

கட்டி பரவாமல், பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றாமல் இருந்தால் ஆபரேஷன். கணையத்தின் தலைப்பகுதி என்றால், அந்தப் பகுதியை எடுக்கும் விப்பிள் என்ற பெரிய ஆபரேஷன். இதை அடிக்கடி செய்யும் இடமாகப் பாருங்கள், திருவனந்தபுரம் வரை போக வேண்டியிருந்தாலும் சரி. கீமோ முன்போ பின்போ இருக்கும். பரவியிருந்தால் கீமோ, பித்தநாள அடைப்புக்கு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்), வலி மருந்து. வலி மருந்தைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

அப்புறம், டாக்டர் எழுதிய, செரிக்க உதவும் என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டோடு, முதல் வாயிலேயே கொடுங்கள். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு மீன்குழம்புச் சோறு உடம்பில் ஒட்டியது.